இயற்கைத் திராட்சையில் சிவப்பு ஒயின்: பறிப்பதிலிருந்து புட்டியில் அடைப்பது வரை

எங்கள் குடும்பத் திராட்சைத் தோட்டத்துக்கு ஒவ்வொரு அறுவடைக்கும் புதியவர்கள் சிலர் வந்து கூடவே வேலை செய்வார்கள். ஆர்வத்துக்குக் குறைவிருக்காது, செய்முறையையும் படித்துவிட்டே வருவார்கள். ஆனாலும் ஆண்டுதோறும் அதே நான்கைந்து இடங்களில் தடுமாறுவார்கள். காரணம் ஒன்றுதான்: அடுத்த வேலைக்கான பாத்திரமும் அளவும் தயாராவதற்கு முன்பே முந்தைய வேலையைத் தொடங்கிவிடுவது. பறித்த திராட்சை யாருக்காகவும் காத்திருக்காது.

ஆர்கானிக் முறையில் இது இன்னும் கறாரான விஷயம். தவறிய ஒயினைத் திருத்தப் பயன்படும் பொருட்களில் பலவற்றுக்கு இங்கே அனுமதி இல்லை, ஒயின் கெடாமல் காக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டுக்கும் வரம்பு குறைவு. அதனால் முதல் பத்து நாளில் நடப்பதே பெரும்பாலும் கடைசிவரை நிற்கும். கீழே உள்ள அளவுகள் எல்லாம் 100 கிலோ திராட்சைக்கானவை. இதிலிருந்து 60 முதல் 65 லிட்டர் ஒயின், அதாவது 80 புட்டிகளுக்கு மேல் கிடைக்கும்.

1. பறிப்பதற்கு ஒரு மாதம் முன்பு

முதல் வேலை தோட்டத்தில். சாம்பல் நோய்க்குத் தெளிக்கும் கந்தகத்தை அறுவடைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். தோலில் ஒட்டியிருக்கும் கந்தகத்தை நொதிக்கும்போது ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றிவிடும். அழுகிய முட்டை வாடை வருவது அதனால்தான். தாமிரக் கலவையையும் கடைசி வாரங்களில் தெளிக்காதீர்கள். மிச்சம் அதிகமானால் ஈஸ்டின் வேகம் குறையும்.

எந்தப் பெயரில் விற்கப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 அறுவடையிலிருந்து 'ஆர்கானிக் ஒயின்' என்ற பெயருக்குத் தனி விதி உண்டு. இனிப்பு மிச்சமில்லாத சிவப்பு ஒயினில் மொத்த சல்ஃபைட் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சாதாரண சிவப்பு ஒயினுக்கு இது 150. அமெரிக்காவில் 'ஆர்கானிக் ஒயின்' என்று எழுத வேண்டுமானால் சல்ஃபைட்டே சேர்க்கக் கூடாது. சேர்த்தால் 'ஆர்கானிக் திராட்சையில் செய்தது' என்றுதான் எழுதலாம், அதற்கும் உச்சவரம்பு 100தான். இந்த முடிவை ஒயின் பாதி ஆன பிறகு எடுக்க முடியாது, ஏனென்றால் முதல் சல்ஃபைட் திராட்சையை நசுக்கும்போதே விழுந்துவிடும்.

தோட்டத்துக்குச் சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது, ஒயின் செய்யும் இடத்துக்கும் வேண்டும். வீட்டுக்காகச் செய்பவர்கள் தங்கள் நாட்டுச் சட்டம் எவ்வளவு வரை அனுமதிக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

2. பாத்திரங்களைக் கணக்குப் போட்டு எடுத்து வையுங்கள்

100 கிலோ திராட்சையைக் காம்பு நீக்கி நசுக்கினால் ஏறக்குறைய 90 லிட்டர் கூழ் வரும். நொதிக்கும்போது தோல்கள் மேலே எழும்பி அடையாகத் திரளும். அதற்கு இடம் விட்டுத் தொட்டியில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும். ஆகவே 140 லிட்டர் கொள்ளளவு தேவை. புதியவர்கள் 100 லிட்டர் தொட்டியை வாங்கி வந்து விளிம்புவரை நிரப்பிவிடுவார்கள். மறுநாள் காலையில் தரையெல்லாம் சாறாக இருக்கும்.

உணவுத் தரப் பிளாஸ்டிக் தொட்டி அல்லது எவர்சில்வர், பிழிவதற்கு பிரஸ், ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) பொருத்திய கண்ணாடிக் குடுவைகள், சைஃபன் குழாய், சாற்றின் அடர்த்தியை அளக்க ஹைட்ரோமீட்டர், வெப்பமானி, புளிப்பை அளக்க பிஎச் மீட்டர் (எண் குறைந்தால் புளிப்பு அதிகம்), ஒரு கிராமுக்குக் கீழும் காட்டும் தராசு, தோல் அடையை அமுக்க நீளக் கைப்பிடி கொண்ட கட்டை. இவை போதும். குடுவைகளில் மட்டும் கவனம் வேண்டும். 60 லிட்டருக்கு ஒரே பெரிய குடுவை வாங்காமல் 54 லிட்டரில் ஒன்றும் 5, 3, 1 லிட்டரில் சிலவும் வாங்குங்கள். ஏன் என்பது 10ஆம் படியில் தெரியும்.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. முதலில் அழுக்கும் பிசுக்கும் போகத் தேய்த்துக் கழுவ வேண்டும், அதன் பிறகுதான் சல்ஃபைட்டும் சிட்ரிக் அமிலமும் கலந்த நீரில் அலச வேண்டும். அழுக்கின் மேல் கிருமிநாசினி வேலை செய்யாது. குளோரின் கலந்த பிளீச்சை ஒயின் வைக்கும் அறைக்குள்ளேயே கொண்டு வராதீர்கள். மரத்திலும் தக்கையிலும் பட்டால் பூஞ்சைகள் அதை ஈர அட்டை வாடை அடிக்கும் பொருளாக மாற்றிவிடும். அந்த வாடை ஒயினில் ஏறினால் எடுக்க வழியில்லை.

3. பறிக்கும் நாளை எப்படி முடிவு செய்வது

எனக்கு இன்றும் பதற்றம் தரும் படி இதுதான். இனிப்பை மட்டும் பார்த்துப் பறித்தால் பாதித் தகவலோடு பறிக்கிறோம் என்று பொருள்.

மாதிரி எடுப்பதிலேயே முதல் தவறு நடக்கும். கை தானாகக் கறுத்த, பளபளப்பான பழத்துக்கே போகும். அதை மட்டும் அளந்தால் தோட்டத்தின் உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். வரிசையின் இரண்டு பக்கமும், குலையின் மேலும் கீழும், நிழலிலும் வெயிலிலும் என்று பார்க்காமலே நூறு பழங்களைப் பறித்து, ஒரே பையில் போட்டு நசுக்கி, அந்தச் சாற்றை அளவெடுங்கள்.

சிவப்பு ஒயினுக்கு 23 முதல் 25 பிரிக்ஸ் (சாற்றில் உள்ள சர்க்கரையின் அளவு), பிஎச் 3.4 முதல் 3.6 இருந்தால் நல்லது. 24 பிரிக்ஸ் என்றால் 13 முதல் 14 சதவீத ஆல்கஹால் வரும். பிரிக்ஸ் ஏறினாலும் பிஎச் 3.7ஐத் தாண்டினால் காத்திருக்காதீர்கள். பிஎச் ஏற ஏற சல்ஃபைட்டின் பலன் குறையும், நமக்கோ சல்ஃபைட் வரம்பு ஏற்கெனவே குறைவு.

அடுத்து விதை. ஒரு பழத்தை வாயில் போட்டு, சதையை விழுங்கிவிட்டு, விதையைக் கையில் துப்பிப் பாருங்கள். பச்சையாக, சதை வழுவழுவென்று ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் ஆகவில்லை. காப்பிக்கொட்டை நிறத்தில், கடித்தால் 'மொறுக்' என்று உடைந்து வறுத்த பருப்பின் சுவை வந்தால் ஆகிவிட்டது. தோலையும் நன்றாக மெல்லுங்கள். நாக்கின் ஓரத்தில் புல் வாசமும் கசப்பும் நின்றால் ஒயினிலும் அது நிற்கும்.

மழை வரும் என்ற பயத்தில் மூன்று நாள் முன்னதாகப் பறிப்பதா, காத்திருப்பதா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். என் முடிவு இது: தோல் உறுதியாக, அழுகல் இல்லாமல் இருந்தால் காத்திருப்பேன். குலைக்குள் விரலை விட்டு ஒரு பழமாவது பிசுபிசுத்தால் அன்றே பறித்துவிடுவேன். பூஞ்சை மருந்து அடித்து நாள் கடத்தும் வழி நமக்கு இல்லை.

4. பறித்தலும் பொறுக்குதலும்

விடிகாலைக் குளிரில் பறியுங்கள். சூடான பழம் கூடையிலேயே நொதிக்கத் தொடங்கிவிடும். கூடைக்கு 10 முதல் 15 கிலோ போதும். அதற்கு மேல் அடுக்கினால் அடியில் உள்ளவை நசுங்கும், கசியும் சாற்றில் பழ ஈக்கள் வரும், அவற்றோடு புளிக்காடிப் பாக்டீரியாவும் வரும்.

பழத்தைக் கழுவ வேண்டாம். நீர் சாற்றின் செறிவைக் குறைக்கும், ஈரம் அழுகலைக் கூட்டும். அதற்குப் பதில் மேசையில் பரப்பிப் பொறுக்குங்கள். இலை, பச்சைக் காய், வண்டு, பூசணம் பிடித்தவை எல்லாம் வெளியே போக வேண்டும். பூசணம் பிடித்த பழத்தில் லக்கேஸ் என்ற நொதி இருக்கிறது. சிவப்பு நிறத்தைப் பழுப்பாக்கும் அந்த நொதியைக் கொஞ்சம் சல்ஃபைட்டால் அடக்க முடியாது. எங்கள் வீட்டில் பொறுக்கும் மேசையில் வயதானவர்கள்தான் உட்காருவார்கள், அவசரப்பட மாட்டார்கள் என்பதற்காகவே.

5. காம்பு நீக்கி நசுக்குதல், முதல் சல்ஃபைட்

பழம் வெடித்தால் போதும், விதை உடையக் கூடாது. உடைந்த விதையிலிருந்து வரும் கசப்பு எத்தனை ஆண்டு வைத்தாலும் முழுதாக மறையாது. கையால் சிறிய அளவில் செய்பவர்கள் வலைத்தட்டின் மேல் உருட்டினால் காம்பு மேலே நின்றுவிடும்.

சல்ஃபைட் சேர்ப்பதாக முடிவு செய்திருந்தால் இங்கே லிட்டருக்கு 30 மில்லிகிராம். சல்ஃபைட்டாக நாம் போடும் பொடி பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட். அதில் 57 சதவீதம்தான் நாம் கணக்கிடும் சல்ஃபர் டை ஆக்ஸைடு, எனவே 90 லிட்டர் கூழுக்கு அந்தப் பொடி 5 கிராம் போதும். இந்த 57ஐ மறந்து கணக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பொடியைச் சிறிது நீரில் கரைத்து, கூழ் முழுவதும் கலக்கி விடுங்கள். பொடியாகவே தூவினால் ஒரு மூலையில் அதிகமாகவும் மறு மூலையில் ஒன்றுமில்லாமலும் போகும்.

நசுக்கியதைக் குளிரில் ஊறவைத்து நிறம் இறக்கும் முறையைப் பற்றிப் பலர் கேட்பார்கள். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைக்கும் வசதி இல்லாவிட்டால் செய்யாதீர்கள். இளஞ்சூட்டில் ஊறும் கூழில் வேண்டாத காட்டு ஈஸ்ட்கள் முந்திக்கொள்ளும்.

6. ஈஸ்ட்

பாக்கெட் ஈஸ்ட் என்றால் 90 லிட்டருக்கு 20 கிராம். பத்து மடங்கு வெதுவெதுப்பான நீரில், அதாவது 35 முதல் 40 டிகிரியில், 20 நிமிடம் ஊறவிடுங்கள். ஊறிய ஈஸ்டுக்கும் கூழுக்கும் 10 டிகிரிக்கு மேல் வெப்ப வித்தியாசம் இருந்தால், கூழிலிருந்து ஒரு கரண்டி ஒரு கரண்டியாகச் சேர்த்துச் சூட்டைக் குறைத்த பிறகே ஊற்றுங்கள். திடீர்க் குளிரில் ஈஸ்டில் பெரும்பகுதி செத்துவிடும்.

தோட்டத்து ஈஸ்டிலேயே செய்ய விரும்புபவர்கள் ஒரு வாரம் முன்பு நல்ல குலைகளாக நான்கைந்து கிலோ பறித்து, நசுக்கி, மூடி வையுங்கள். நன்றாக நொதித்து, ரொட்டி மாவு வாசமும் பழ வாசமும் வந்தால் அதையே உறைமோர் போலப் பெரிய தொட்டியில் ஊற்றலாம். நகப்பூச்சு வாடையோ காடி வாடையோ லேசாக வந்தாலும் கொட்டிவிடுங்கள். முதல் முறை செய்பவர்களுக்குப் பாக்கெட் ஈஸ்டையே சொல்வேன், சான்றிதழுக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

7. நொதிக்கும் நாட்கள்

ஓரிரு நாளில் தோல்கள் மேலே எழும்பி, கையை வைத்தால் கதகதப்பான தடித்த மெத்தை போல் திரளும். அதை ஒரு நாளில் மூன்று முறை சாற்றுக்குள் அமுக்க வேண்டும். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன, சாறு பட்டால்தான் இறங்கும். மேலே காய்ந்து கிடக்கும் தோலில் காடிப் பாக்டீரியா பெருகும். அடையின் அடியில் வெப்பமும் தேங்கும்.

அதனால் வெப்பமானியை அடைக்கு அடியில் விட்டு அளக்க வேண்டும். 25 முதல் 30 டிகிரி நல்லது. 33ஐத் தொட்டால் நீரை உறையவைத்த, வெளிப்புறம் சுத்தமாகக் கழுவிய புட்டிகளைத் தொட்டியில் மிதக்கவிடுங்கள். 35ஐத் தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்து, இனிப்பு பாக்கியிருக்கும்போதே நொதிப்பு நின்றுவிடக் கூடும்.

ஒரு எச்சரிக்கை, இதை ஒவ்வொரு ஆண்டும் முதல் நாளே எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொல்வோம். ஒரு லிட்டர் சாற்றிலிருந்து 50 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்ஸைடு வெளியாகும். அது காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். கதவு, ஜன்னல் திறந்திராத அறையில் தொட்டிக்குள் தலையை நீட்டாதீர்கள். குழந்தைகளையும் நாயையும் அந்த அறைக்குள் விடவே கூடாது, அவர்கள் உயரத்தில்தான் வாயு நிற்கும்.

தொட்டிக்கு மேல் சுவரில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கட்டும். நேரம், வெப்பம், அடர்த்தி, வாசம், அமுக்கியவர் பெயர். குடும்பமாக வேலை செய்யும் இடத்தில் 'அண்ணன் அமுக்கியிருப்பார்' என்று தம்பியும், 'தம்பி பார்த்துக்கொள்வான்' என்று அண்ணனும் இருந்துவிடுவது சாதாரணம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு நாள் முழுக்க அமுக்காமல் போன தொட்டியில் காடி வாடை ஏறிவிட்டது. அதற்குப் பிறகுதான் பெயர் எழுதும் கட்டம் வந்தது.

அடர்த்தி 1.100 அளவில் தொடங்கி நாளுக்கு நாள் இறங்கும். அதை ஹைட்ரோமீட்டரில் மட்டுமே பாருங்கள். பறிக்கும் முன் இனிப்பை அளக்கச் சிலர் பயன்படுத்தும் ரிஃப்ராக்டோமீட்டரையே (ஒரு துளிச் சாற்றில் ஒளி வளைவதை வைத்து இனிப்பைக் காட்டும் கருவி) இங்கும் எடுப்பார்கள். ஆல்கஹால் கலந்தபின் அது காட்டும் எண் பொய், முழுதும் நொதித்த ஒயினிலும் இனிப்பு இருப்பதாகக் காட்டும்.

முட்டை வாடை வந்தால் மறுநாளைக்கு என்று தள்ளாதீர்கள். கீழிருந்து சாற்றை எடுத்து உயரத்திலிருந்து சளசளவென்று ஊற்றிக் காற்றுப் படவையுங்கள், சான்றிதழ் அனுமதிக்கும் ஈஸ்ட் சத்தையும் கொடுங்கள். நைட்ரஜன் போதாத ஈஸ்ட்தான் பெரும்பாலும் இந்த வாடையை விடும். இயற்கை உரத்தில் வளரும் தோட்டத்தில் சாற்றின் நைட்ரஜன் குறைவாக இருப்பது அரிதல்ல. கவனிக்காமல் விட்டால் வாடை வெங்காயமாக, எரிந்த ரப்பராக மாறும். அந்த நிலையில் காற்றால் பயனில்லை. அடர்த்தி 1.030க்குக் கீழே போனபின் சத்தையும் நிறைய காற்றையும் கொடுக்காதீர்கள். ஈஸ்ட் அந்தச் சத்தை எடுத்துக்கொள்ளாது, மிச்சம் வேறு கிருமிகளுக்குத் தீனியாகும்.

8. எப்போது பிழிவது

நிறம் முதல் ஐந்தாறு நாளிலேயே பெரும்பாலும் இறங்கிவிடும். அதற்குப் பிறகு ஏறுவது துவர்ப்பு, அதிலும் விதையின் துவர்ப்பு. ஆகவே நாளை எண்ணாமல் நாக்கால் முடிவு செய்யுங்கள். அடர்த்தி 1.000க்குக் கீழே வந்ததும் தினமும் ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். ஈறு இறுகுவதுபோல் தோன்றத் தொடங்கிய நாள்தான் பிழியும் நாள்.

தானாக வடிவதைத் தனியாகவும், பிழிந்து வருவதைத் தனியாகவும் பிடியுங்கள். பிரஸ்ஸை மெதுவாக இறுக்கி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி இறுக்குங்கள். கசப்பு வந்ததும் நிறுத்துங்கள். கடைசி இரண்டு லிட்டருக்கு ஆசைப்பட்டு மொத்தத்தையும் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

9. இரண்டாவது நொதிப்பு

கூரிய மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் கட்டம் இது. ஓரிரு நாள் நின்று அடியில் படியும் தடித்த வண்டலை விட்டுவிட்டு ஒயினைக் குடுவைக்கு மாற்றுங்கள். 18 முதல் 22 டிகிரியில் வையுங்கள், சல்ஃபைட் சேர்க்கவே கூடாது. புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் பொறுமை இழப்பார்கள். ஒயின் அமைதியாகிவிட்டதே என்று சல்ஃபைட்டைப் போட்டுவிடுவார்கள், பாக்டீரியா நின்றுவிடும். அடுத்த கோடையில், புட்டிக்குள் அது மறுபடி விழித்தால் ஒயின் குமிழியிடும், தக்கை தள்ளும்.

ஏர்லாக்கில் குமிழி வருவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அறை சூடானாலே கரைந்திருக்கும் வாயு வெளியேறும். ஒயின் துளியில் உள்ள அமிலங்களைக் காகிதத்தில் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் காகிதக் குரோமட்டோகிராஃபி செய்து பாருங்கள், மாலிக் அமிலத்தின் புள்ளி மறைந்தால் முடிந்தது. சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம்.

10. சல்ஃபைட், நிரப்பி வைத்தல், முதிர்வு

இப்போது வண்டலிலிருந்து பிரித்து சல்ஃபைட் சேருங்கள். எவ்வளவு என்பதை பிஎச்தான் சொல்லும். அதே அளவு பாதுகாப்புக்கு, ஒயினோடு பிணையாமல் தனித்து நிற்கும் சல்ஃபைட் பிஎச் 3.3இல் லிட்டருக்கு 16 மில்லிகிராம் போதும். 3.5இல் 25 வேண்டும், 3.8இல் ஏறத்தாழ 50. பறிக்கும் நாளில் பிஎச்சைக் கவனிக்கச் சொன்னது இதற்காகத்தான். போடுவதில் ஒரு பங்கு ஒயினோடு பிணைந்துவிடும், ஆகவே சில நாள் கழித்து அளந்து பார்த்துத் தேவையானால் மட்டும் இன்னும் சேருங்கள்.

குடுவையைக் கழுத்துவரை நிரப்புங்கள். ஒரு கண்ணாடிக் குடுவையில் மூன்று லிட்டர் இடம் காலியாக விட்டு நான் ஒரு மாதம் கவனிக்காமல் இருந்தேன். திறந்தபோது நகப்பூச்சு வாடை, மேலே மெல்லிய வெள்ளைப் படலம். மொத்தமும் போனது. காற்று இருந்தால் கிருமிக்கு அதுவே போதும். சிறிய குடுவைகள் இதற்காகத்தான்: பெரியதை நிரப்பிய மிச்சத்தைச் சிறியதில் விளிம்புவரை நிரப்பி வைத்து, மாதம் ஒரு முறை பெரியதைச் சரிசெய்யலாம். மரப் பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையும், அங்கே இன்னும் அடிக்கடி நிரப்ப வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை தெளிவை மட்டும் சைஃபனில் மாற்றுங்கள். குழாயின் முனை மறு குடுவையின் அடியில் இருக்கட்டும். 8 முதல் 12 மாதத்தில் ஒயின் தெளிந்துவிடும். அடியில் கண்ணாடித் தூள் போன்ற படிகம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு.

11. புட்டியில் அடைத்தல்

இனிப்பு மிச்சம் லிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே, மாலிக் அமிலம் இல்லை, தெளிந்துவிட்டது, சல்ஃபைட் அளவு சரி. இந்த நான்கும் உறுதியான பிறகே தக்கையைத் தொடுங்கள். புட்டியை அலசி, கவிழ்த்து வடியவிட்டு, அடிவரை போகும் குழாயால் நிரப்புங்கள். தக்கைக்கும் ஒயினுக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி போதும். அடைத்தபின் மூன்று நாள் நிற்கவைத்துப் பிறகு படுக்கவையுங்கள். தக்கை விரிந்து பிடிக்கவும், உள்ளே அமுங்கிய காற்று மெல்ல வெளியேறவும் அந்த நேரம் வேண்டும்.

விற்பதற்கென்றால் லேபிளில் லாட் எண்ணோடு, பல நாடுகளில் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டும் சல்ஃபைட்டைக் குறிப்பிடுவதும் கட்டாயம். ஈஸ்டே சிறிது சல்ஃபைட்டை உண்டாக்கும் என்பதால், எதுவும் சேர்க்காத ஒயினையும் அளந்து பார்த்தே எழுதுங்கள்.

அடைத்த சில வாரம் ஒயின் வாசமில்லாமல், சுருங்கினாற்போல் இருக்கும். ஆறு வாரத்துக்கு முன் திறக்காதீர்கள். மூன்று புட்டிகளைச் சோதனைக்கென்று ஒதுக்கி, ஆறு வாரம், ஆறு மாதம், ஒரு ஆண்டு என்று திறந்து, தொட்டிக்கு மேல் தொங்கிய அதே நோட்டில், அந்த அறுவடையின் பக்கத்திலேயே சுவையை எழுதி வையுங்கள்.